டைமர் தூங்கிய மத்தியானம்

சூலூர்ப் பக்கம் என் அக்கா வீட்டுக்காரர் கோழிப் பண்ணை வைத்திருந்தார். ஏற்கெனவே இரண்டு பேட்ச் கோழிகள் வெயிலில் போய்விட்டன. இன்னொரு பேட்ச் செத்தால் இனிமேல் குஞ்சு இறக்க மாட்டோம் என்று வளர்க்கக் குஞ்சு கொடுக்கும் கம்பெனி கறாராகச் சொல்லிவிட்டது. அதனால்தான் மச்சான் என்னைப் பிடித்தார். கோயமுத்தூரில் ஜாவாவில் வெப் அப்ளிகேஷன் எழுதிப் பிழைக்கிறவன் நான்.

எழுதிக் கொடுத்தேன். பிரவுசரில் ஒரு பக்கம் திறந்திருக்கும். அதில் நான் சேர்த்த டைமர் என்னும் ஆயத்த நிரல் நிமிடத்துக்கு ஒருமுறை கோழி ஷெட்டில் மாட்டிய சென்சாரிடம் சூட்டைக் கேட்டு வாங்கும். கூடினால் மணி அடிக்கும். லேப்டாப்பை மூடினால் அது தூங்கிவிடும், கூடவே டைமரும். "மூடிப்போடாதீங்க மச்சான்" என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். அக்கா கண்ணும் கருத்துமாகத்தான் பார்த்துக்கொண்டாள்.

அந்தச் சித்திரை மத்தியானம் நான் போனபோது வாசல் நிறையச் செருப்புகள். மச்சானின் சொந்தக்காரர்கள் கல்யாணத்துக்கு அழைக்க வந்திருந்தார்கள். கூடத்து மேசையில் தாம்பூலத் தட்டு. அதற்கு இடம் வேண்டுமென்று லேப்டாப்பை மூடி ஓரத்தில் வைத்திருந்தாள் அக்கா. அழைக்க வந்தவர்கள் முன்னால் அதைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் எங்கள் பக்கம் மரியாதை கெட்டுப் போகும். தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் கரண்டின் மூன்று ஃபேஸில் ஒன்று போனாலும் வீட்டு ஃபேன் ஓடும், ஷெட்டில் இருக்கும் பெரிய ஃபேன்கள் நின்றுவிடும்.

லேப்டாப்பைத் திறந்தேன். மணி அலறியது.

"என்ன சத்தமுங்க அது?" என்றார் வந்திருந்த பெரியவர்.

அக்கா திரையைப் பார்த்தாள். "ஒண்ணுமில்லீங்க மாமா, தம்பி என்னமோ பாத்துட்டிருக்கறானுங்க. நீங்க காப்பி குடிங்க."

தாம்பூலத்துக்கு எதிரே சாவைச் சொல்லக் கூடாதாம். மச்சான் கை கழுவப் போகிறவர் மாதிரி எழுந்து கொல்லைப்புறமாக நடந்தார். ஓடினால் ஏனென்று கேட்பார்களே. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் தட்டைத் தூக்கி எறிந்திருப்பேன். பல்லைக் கடித்துக்கொண்டு அவர் பின்னால் போனேன்.

எந்நேரமும் காதைப் பிளக்கும் ஷெட்டில் ஒரு சத்தமும் இல்லை. மச்சான் கம்பி வலையைப் பிடித்தபடி நின்றார். கண்ணுக்கு எட்டியவரை கோழிகள் வெள்ளையாகக் கிடந்தன.

அங்கே நின்றபடியே வாசலில் விருந்தாளிகளை வழியனுப்பும் அக்காவின் குரலைக் கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"மொதல் நாளே வந்துருவோமுங்க மாமா. இனி எங்களுக்கு இங்க என்ன வேலைங்க."