சுடாத கை

சோறு வடிக்கும்போது முகத்தில் அடிக்கும் ஆவி இன்றைக்கும் எனக்கு எரிச்சலைத்தான் கிளப்புகிறது. எழுபதுகளின் கடைசியில், உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் வீட்டில், விறகடுப்பில் கொதிக்கும் சோற்றுப்பானையை என் அக்கா செல்வி 'கரித்துணி' இல்லாமல் வெறுங்கையால் இறக்கி வைப்பாள். முகம்கூடச் சுளிக்க மாட்டாள். நான் துணியோடு தொட்டாலே கத்துவேன். "அவ பொம்பள. நீ என்ன வெண்ணெயில செஞ்சவளா?" என்று அம்மா என் முதுகில் ஒன்று வைப்பாள். பக்கத்து வீட்டுக்காரிகளைக் கூப்பிட்டு அக்காவின் கையைக் காட்டிப் பெருமை அடிப்பாள். எனக்கு வயிறு எரியும். ஒருநாள் நானும் வெறுங்கையால் தூக்கிப் பார்த்தேன். கொப்புளம் வந்தது, சோற்றைக் கொட்டியதற்கு அடியும் விழுந்தது.

தெருத்தெருவாகச் சைக்கிளில் வந்து தோலைப் பார்க்கும் சுகாதார ஊழியர் ஒருவர் இருந்தார். 'தேமல் சார்' என்போம். அக்காவின் முழங்கைக்குக் கீழே வெளிறிய தேமல் ஒன்றைப் பார்த்தவர், அவளைக் கண்ணை மூடச் சொல்லி, தொட்டால் சொல்லு என்று பஞ்சை எடுத்தார். அவள் சொல்வதற்குத் தயாராக நின்றுகொண்டே இருந்தாள். அவர் விரல் விரலாகத் தொட்டு முடித்திருந்தார்.

தொழுநோய். தைரியம் என்று நாங்கள் கொண்டாடியது நரம்பு செத்த கை. மாத்திரையில் கிருமி சாகும், போன உணர்ச்சி திரும்பாது, சூடோ வெட்டோ பட்டிருக்கிறதா என்று தினமும் கையைப் பார்க்க வேண்டும் என்றார்.

இனியாவது என் காலம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அம்மா தன் சேலையைக் கிழித்து, மடித்து, அக்காவுக்கென்றே கரித்துணி தைத்தாள். சாயங்காலமானால் அவளை வாசலில் உட்காரவைத்து, ஒவ்வொரு விரலாக விரித்துப் பார்த்து எண்ணெய் தடவுவாள். நான் கொப்புளத்தை நீட்டினால், "ஒனக்குத்தான் சுடுதுல்ல, நீயே பாத்துக்க" என்று தட்டிவிடுவாள். ஊரே அக்காவைத் தொட அஞ்சியது. அவளுக்குக் கிடைத்த அந்த ஒருத்தியின் கைக்கும் நான் பொறாமைப்பட்டேன்.

இப்போது அம்மா இல்லை, விறகடுப்பு இல்லை, சைக்கிளில் தேமல் சாரும் வருவதில்லை. அக்கா நோய் தீர்ந்து ஒத்தக்கடையில் மகனோடு இருக்கிறாள். இரண்டு விரல்கள் மடங்கியே நிற்கின்றன. போன மாதம் அங்கே போயிருந்தபோது கேட்டுவிட்டேன்: "அம்மா ஒரு நாளாச்சும் என் கையப் பிடிச்சுச்சா? தினமும் ஒன் கையத்தான பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்துச்சு."

"பிடிச்சதக் கண்ணால பாத்தேன்டி" என்றாள். "கைக்குத் தெரியல. அதுக்கு முந்தித் தெரிஞ்சதும் மறந்துபோச்சு. அம்மா கை எப்படி இருக்கும்? ஒன்னையத்தான அடிக்கும், நீ சொல்லு."

காய்ச்சுப்போய் மரப்பட்டை மாதிரி இருக்கும், எப்பவும் கொஞ்சம் சூடு இருக்கும் என்றேன்.

"அம்புட்டும் ஒனக்குத்தான் கிடைச்சிருக்கு" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.