சொந்தக்காரர் இல்லாத மொழி

நான் ஸ்பானிஷ் படிக்கப் போகிறேன் என்று சொன்னபோது அம்மா முதலில் கேட்டது, "ஸ்பெயினிலை எங்கடை ஆக்கள் ஆர் இருக்கினம்?" என்பதுதான்.

அவருக்கு அது நியாயமான கேள்வி. பெரியம்மா வீட்டார் பாரிஸில் இருந்தபடியால் பிரெஞ்சு ஒரு மொழி. சித்தப்பா சூரிச்சில் இருந்தபடியால் ஜெர்மன் ஒரு மொழி. ஒஸ்லோ மாமாவோடு தொலைபேசியில் கதைக்கும்போது பின்னால் அவருடைய பிள்ளைகள் நோர்வே மொழியில் சண்டை பிடிப்பது லண்டன் நோர்பரியில் எங்கள் வீட்டுக் கூடம்வரை கேட்கும். ஸ்பானிஷுக்கு ஒருவரும் இல்லை.

"ஒருத்தரும் இல்லை" என்றேன்.

"பிறகேன்?"

அதனால்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த வயதில் என்னால் ஓரிடத்தில் இருக்க முடியாது. ரயிலில் இருக்கை கிடைத்தாலும் சற்று நேரத்தில் எழுந்து கதவருகில் போய் நிற்பேன். ஆனால் எந்த நாட்டுக்குப் போனாலும் விமான நிலையத்தில் ஒரு மாமியோ சித்தியோ இடியப்பப் பார்சலோடு நிற்பார். யாரும் எனக்காகக் காத்து நிற்காத ஒரு மொழி எனக்கு வேண்டியிருந்தது.

இங்கிலாந்தின் வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் பொருளியலை முதன்மைப் பாடமாகவும் ஸ்பானிஷைத் துணைப்பாடமாகவும் எடுத்து முதலாம் ஆண்டை முடித்தேன். அந்தக் கோடையிலேயே லண்டனுக்கு மாற்றம் கேட்டு வந்துவிட்டேன். அப்பாவின் இதய அறுவைச்சிகிச்சைக்காகத்தான் பிள்ளை திரும்பி வந்தாள் என்று அம்மா இன்றும் சொல்வார். நாட்களையும் ஆண்டுகளையும் சரியாக வைத்திருப்பது என் பழக்கம் என்பதால் இதைத் திருத்தியாக வேண்டும். அறுவைச்சிகிச்சை நடந்தது அதற்கு முந்தைய ஆண்டு, நான் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது. நான் வந்தது, அந்த ஊரிலும் என்னால் இருக்க முடியாமல் போனதால்.

புதிய பல்கலைக்கழகம் என் பொருளியல் புள்ளிகளை அப்படியே ஏற்றுக்கொண்டது. சிக்கல் ஸ்பானிஷில்தான். இங்கே முதலாம் ஆண்டு மாணவர்கள் வாராவாரம் பேச்சு வகுப்புக்குப் போயிருந்தார்கள். நான் படித்த இடத்தில் வாசிப்பும் எழுத்தும்தான் அதிகம். ஆகவே பாடப் பொறுப்பாளர் என்னோடு நேரில் கதைத்துப் பார்ப்பார். அவருக்குத் திருப்தி என்றால் இரண்டாம் ஆண்டில் ஸ்பானிஷைத் தொடரலாம். இல்லையென்றால் அதை விட்டுவிட்டுப் புள்ளிவிவரவியலைத் துணைப்பாடமாக எடுக்க வேண்டும். நானாகத் தேர்ந்தெடுத்தது ஸ்பானிஷ் ஒன்றைத்தான். பொருளியல்கூட அப்பாவும் அம்மாவும் சேர்ந்து முடிவெடுத்தது.

அம்மாவுக்குப் புள்ளிவிவரவியலில் மறுப்பில்லை. ஆனால் தன் பிள்ளை ஒரு சோதனைக்குப் போய்த் தோற்பது அவருக்குச் சம்மதமில்லை. அவர் விம்பிள்டன் பக்கத்தில் ஒரு சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படிப்பிக்கிறார். ஆண்டுதோறும் பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வது அவர்தான். தமிழில் நாலு வசனம் சேர்த்துச் சொல்லத் தெரியாத பிள்ளைகள், அவர் எழுதிக் கொடுத்ததை ஆங்கில எழுத்தில் எழுதிப் பாடமாக்கி, கை அசைத்து, குரல் ஏற்றி, கோப்பையோடு இறங்கி வருவார்கள். நானும் அப்படி வாங்கியிருக்கிறேன். பாதிச் சொற்களுக்குப் பொருள் தெரியாமலே வாங்கியிருக்கிறேன்.

எனவே ஸ்பானிஷையும் அப்படியே தயார் செய்தோம். என் குடும்பம், என் நகரம், நான் வாசிப்பவை என்று எழுதிப் பாடமாக்கினேன். அம்மா வெங்காயம் அரிந்துகொண்டு கேட்டார். நான் குசினிக்கும் கூடத்துக்குமாக நடந்து நடந்து ஒப்புவித்தேன்.

"நில். இதிலை நேற்று ஒரு வசனம் கூட இருந்தது."

"எது?"

"'போர்க்கே' எண்டு துவங்கிறது."

சரிதான், 'ஏனென்றால்' என்று தொடங்கும் ஒரு வசனத்தை விட்டிருந்தேன். "ஒண்டும் விளங்காமல் எப்பிடியம்மா கண்டுபிடிச்சனீங்கள்?"

"விளங்கிறதுக்கும் இதுக்கும் என்ன? கையைப் பின்னாலை கட்டாதை. ஸ்பெயின்காரர் கையை ஆட்டித்தான் கதைப்பினம்."

கூடத்திலிருந்து அப்பா சொன்னார்: "பிள்ளையை விட்டிட்டுச் சோதனைக்கு நீர் போம். நீர் பாஸ் பண்ணிப்போடுவீர்."

செப்டம்பர் கடைசி வாரம், புதன்கிழமை. மழை. அப்பாதான் காரில் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோனார். நிறுத்த இடமில்லாமல் அந்தத் தெருக்களைச் சுற்றிக்கொண்டே இருப்பதாகச் சொல்லி என்னை இறக்கிவிட்டார்.

பாடப் பொறுப்பாளர் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி. தடிமன் பிடித்து மூக்கடைத்திருந்தது. எலுமிச்சை போட்ட வெந்நீரைக் கையில் வைத்துக்கொண்டு, "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று ஸ்பானிஷில் கேட்டார்.

நான் எழுந்து நின்றேன். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரே ஒருவர்தான் இருந்தார். நான் ஒரு மண்டபத்துக்கே கேட்கும் குரலில், "மதிப்புக்குரிய பேராசிரியர் அவர்களே, உங்களுக்கு என் காலை வணக்கம்" என்று தொடங்கினேன். ஸ்பானிஷில் அப்படி யாரும் பேசுவதில்லை என்பதை வாசித்தாவது நான் அறிந்திருக்க வேண்டும். பெரியம்மா பாரிஸில், சித்தப்பா சூரிச்சில் என்று என் உறவினர்கள் பல நாடுகளில் பரந்திருக்கிறார்கள் என்ற இடத்தில் வலது கை தானாக உயர்ந்து அறையின் மூலைவரை போய் வந்தது.

"பாரிஸில் இருக்கும் பெரியம்மாவிடம் போவீர்களா?" என்று அவர் இடைமறித்தார்.

பேச்சுப் போட்டியில் யாரும் இடைமறிப்பதில்லை. மறந்து நின்றுவிட்டால் செய்வதற்கு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. சின்ன வயதிலிருந்து என் உடம்புக்குத் தெரிந்த அதையே செய்தேன்.

"மதிப்புக்குரிய பேராசிரியர் அவர்களே, உங்களுக்கு என் காலை வணக்கம்."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். சிரிக்கவில்லை; சிரிக்காமல் இருக்கச் சிரமப்பட்டார் என்று நினைக்கிறேன். "உட்காருங்கள். இன்று காலை இங்கே எப்படி வந்தீர்கள்?"

கார், அப்பா, மழை. இந்தச் சொற்கள் ஒவ்வொன்றும் எனக்குத் தெரியும். அகராதியை வைத்துக்கொண்டு முழு நாவல்கள் வாசித்திருந்தேன். அந்த மொழி பேசும் துறைமுகங்களின் வரலாறு தெரியும். ஆனாலும் "அப்பாவின் காரில்" என்பது வெளியே வருவதற்குள் அவர் கோப்பையை மறுபடி எடுத்து வெந்நீரைக் குடித்தே முடித்துவிட்டார். பிறகு அவர் ஒரு பத்திரிகைக் கட்டுரையைத் தந்து வாசித்துப் பொருள் சொல்லச் சொன்னார். அதைத் தடங்கலில்லாமல் சொன்னேன்.

முடிவை ஆங்கிலத்தில் சொன்னார். வாசிப்புக்கும் எழுத்துக்கும் இரண்டாம் ஆண்டில் இருக்கலாம். பேச்சுக்கு, இப்போதுதான் பல்கலைக்கழகத்துக்கு வந்திருக்கும் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளோடு திங்கட்கிழமைகளில் உட்கார வேண்டும். டிசம்பரில் மறுபடி கதைத்துப் பார்ப்பார். விருப்பமில்லை என்றால் திங்கட்கிழமைக்கு முன் சொல்லிவிடலாம்.

காரில் ஏறியதும் அப்பா கேட்டார்: "கிடைச்சதோ?"

"அரைவாசி."

"அரைவாசி எண்டால், வீட்டை போய் நீயே சொல்லு. நான் கார் ஓடின ஆள் மட்டும்தான்."

அம்மா முழுவதையும் கேட்டார். எழுந்து நின்றதையும் கேட்டார், அது அவருக்குப் பிழையாகவே படவில்லை. கீழ் வகுப்பு என்ற இடத்தில்தான் முகம் மாறியது.

"முதலாம் வருசத்துப் பிள்ளையளோடை போய்க் குந்திறதோ? அவை உன்னைப் பார்த்துச் சிரிக்க மாட்டினமே?"

"அவைக்கு நான் ஆரெண்டே தெரியாது அம்மா."

"எனக்குத் தெரியுமே!"

வியாழனும் வெள்ளியும் அப்படியே போயின. சனிக்கிழமை தமிழ்ப் பள்ளியில் யாரோ என் சோதனையைப் பற்றி விசாரித்திருக்கிறார்கள். அம்மா வீட்டுக்கு வந்ததும் அதை அப்பாவிடம்தான் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை என்னால் உட்கார முடியவில்லை. பூங்காவைச் சுற்றினேன். பஸ்ஸில் தோர்ன்டன் ஹீத்வரை போய், அங்கே இறங்காமல் இன்னும் சில நிறுத்தங்கள் போய், பிறகு இறங்கி நடந்து திரும்பினேன். வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போது அம்மா சொன்னார்:

"புள்ளிவிவரத்துக்கு மாறு, பிள்ளை. மானமாவது மிஞ்சும்."

"ஆற்றை மானம்? உங்கடையோ, என்ரையோ?"

"இரண்டும் வேறை வேறை எண்டு உனக்கு ஆர் சொன்னது?"

"இவ்வளவு நாளும் ஒருத்தரும் சொல்லேல்லை. அதுதான் பிரச்சினை."

அதன் பிறகு குசினியில் சட்டிமூடிகளின் சத்தம் மட்டும்தான். அப்பா தொலைக்காட்சியின் ஒலியைக் குறைப்பதா கூட்டுவதா என்று தெரியாமல் ரிமோட்டைக் கையிலேயே வைத்திருந்தார்.

என் பட்டச் சான்றிதழில் ஸ்பானிஷ் துணைப்பாடமாக இருக்கிறது. டிசம்பரில் பாடப் பொறுப்பாளர் என்னை நீக்கவில்லை. ஆனால் அந்த விஷயம் முடிவான நாளாக நான் கணக்கில் வைத்திருப்பது அந்த முதல் திங்கட்கிழமையைத்தான்.

காலை வகுப்பு. என்னைவிட ஒரு வயதுதான் இளையவர்கள். ஆனாலும் எல்லோரும் குழந்தைகளாகத் தெரிந்தார்கள். கதவுக்குப் பக்கத்து இருக்கையில், பையை மடியிலிருந்து இறக்காமல் உட்கார்ந்தேன். விரிவுரையாளர் எங்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்தார். வார இறுதியில் என்ன செய்தீர்கள் என்று ஒருவரை ஒருவர் கேட்க வேண்டும். எனக்குக் கிடைத்தவன் ஹவுன்ஸ்லோவிலிருந்து வரும் ஒரு பையன், உச்சரிப்பு மோசம், கூச்சம் கொஞ்சமும் இல்லை. ரயிலில் வரும்போதே நான் சினிமாவுக்குப் போனேன், கேக் செய்தேன் என்று இரண்டு வசனம் தயாராக வைத்திருந்தேன்.

அவன் கேட்டான். நான் வாயைத் திறந்தேன்.

"அம்மாவோடு சண்டை" என்று வந்தது.

அவன் நிமிர்ந்தான். "ஏன்?"

"இந்த வகுப்பு."

"இந்த வகுப்பா? இதற்கு என்ன?"

பையைத் தரையில் வைத்தேன். மானத்துக்குச் சொல் தெரியவில்லை. முகத்தைத் தொட்டுக் காட்டினேன். சட்டிமூடிக்கும் தெரியவில்லை, மேசையில் தட்டிக் காட்டினேன். அவன் விழுந்து விழுந்து சிரித்து, தன் அம்மா கதவைத்தான் அடிப்பார் என்று மேசையில் அடித்துக் காட்டினான். என் வினைச்சொற்கள் காலம் தப்பித் தப்பி வந்தன. அவன் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, விளங்காத இடத்திலெல்லாம் நிறுத்தி நிறுத்திக் கேட்டான். அம்மா கடைசியாகச் சொன்னது என்ன என்ற இடத்துக்கு நான் வந்தபோது, விரிவுரையாளர் கை தட்டி, எல்லோரும் எழுந்து அடுத்தவரிடம் மாறச் சொன்னார்.

சுற்றிலும் நாற்காலிகள் இழுபட்டன.

"கொஞ்சம் பொறுங்கள்" என்றேன் ஸ்பானிஷில். "இன்னும் முடியவில்லை."