ஆறு மங்குப் பிள்ளை

“பதினெட்டு, பத்தொன்பது, இருபது” என்று சொல்லிப் பிச்சையம்மாள் ஒரு மங்கைக் கவிழ்த்தாள். திரும்பவும் ஒன்றிலிருந்து தொடங்கினாள். இருபதுக்கு மேல் அவளுக்கு எண்ணத் தெரியாது. அதற்குத்தான் மங்கு. ரப்பர் பால் பிடிக்கிற அந்தப் பீங்கான் கிண்ணங்கள், சப்பான்காரன் வந்து மரம் சீவுவது நின்றபிறகு ஸ்டோரில் தூசி தின்றுகொண்டு கிடந்தன. ஆறு மங்கை எடுத்து வந்து, கழுவி, தன் வலது முழங்காலுக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்திருந்தாள். எதிரே ஒரு பலகை. பலகையில் பத்துப் பள்ளங்கள். அவற்றில் பொருந்துகிற பத்துக் கட்டைகள் தரையில் கலைந்து கிடக்கும். ஒரு பிள்ளை அவற்றை அதனதன் பள்ளத்தில் போட்டு முடிப்பதற்குள் எத்தனை மங்கு கவிழ்ந்ததோ அதுதான் அந்தப் பிள்ளையின் மூளை. ஆறும் கவிழ்ந்துவிட்டால் அதோடு சரி. கட்டைகளைத் திரும்ப வாங்கிக்கொள்வாள்.

கட்டைகளுக்கு அவளே பேர் வைத்திருந்தாள். வட்டம் தோசை. சதுரம் பிஸ்கோத்து. இன்னொன்று மாதா கோயில் குருசு. அப்புறம் பிறை, நட்சத்திரம், இப்படி. “தோசைய எடு, தோசை வீட்டுல போடு” என்பாள். மூன்று வேளையும் மரவள்ளிக் கிழங்கு தின்கிற பிள்ளைகள் அந்தச் சொல்லைக் கேட்டதும் கட்டையை ஒரு நிமிஷம் கையில் வைத்துப் பார்க்கும். “பாத்தது போதும், போடு” என்று அதட்டுவாள். மங்கு அதுபாட்டுக்குக் கவிழ்ந்துகொண்டிருக்கும்.

குருண் ஊருக்குத் தெற்கே, திகாம் பத்து டவுனுக்குப் போகிற பெரிய தார்ச் சடக்கை ஒட்டிய ரப்பர் தோட்டம் அது. பிச்சையம்மாள் அங்கே ஆயாக்கொட்டகையில் ஆயா. தாய்மார் வேலைக்குப் போகும்போது கைப்பிள்ளைகளை அவளிடம் விட்டுப் போவார்கள். பதினேழு தூளியையும் ஒரே கயிற்றில் இணைத்துக் கால் பெருவிரலில் மாட்டி ஆட்டுவாள். வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. சேலை கிழிந்து சாக்குத் துணிக்கு வந்தபிறகும் கொசுவம் வைத்துத்தான் கட்டுவாள். அழுகிற பிள்ளையைக் கொஞ்ச மாட்டாள். அதன் முன்னால் உட்கார்ந்து தானும் அழுவாள். பிள்ளை வாயை மூடிக்கொண்டு அவளை வேடிக்கை பார்க்கும்.

அதற்கு முன்னால் அவள் துரை பங்களாவில் இருந்தாள். துரைசாணியின் மகன் ஆறு வயதாகியும் வாய் திறக்கவில்லை. ‘பையன் அவ்வளவுதான்’ என்று குசினி வரைக்கும் பேச்சு. பினாங்கிலிருந்து ஒரு டாக்டர் இந்தப் பலகையைக் கொண்டுவந்து, கையில் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு, பையனை உட்கார வைத்தார். பையன் சடசடவென்று போட்டு முடித்தான். டாக்டர் ஏதோ சொல்ல, துரைசாணி முகத்தை மூடிக்கொண்டு அழுதுகொண்டே சிரித்தாள். சண்டை வந்து வெள்ளைக்காரர்கள் காரேறிப் போன அன்று, ஆளாளுக்கு பங்களாவில் நாற்காலியையும் மெத்தையையும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிச்சையம்மாள் பலகையை எடுத்து வந்தாள். “எதுக்கு ஆயா, அடுப்பெரிக்கவா?” என்று கேலி செய்தார்கள். “சிரிங்க, சிரிங்க. அழுத பொம்பளையச் சிரிக்க வச்ச பலகை இது” என்றாள்.

அதைச் சும்மா சொல்லவில்லை என்று தங்கமணி விஷயத்தில் எல்லாருக்கும் தெரிந்தது. தங்கமணி அழகேசனுடைய மகள், ஒன்பது வயது. கூப்பிட்டால் வராது, கேட்டால் சொல்லாது. பெற்ற தகப்பனே “மண்டு” என்றுதான் கூப்பிடுவான். அந்தப் பிள்ளை பலகைக்கு முன்னால் உட்கார்ந்தது. இரண்டாவது மங்கு கவிழவில்லை. அதற்குள் பத்துக் கட்டையும் பள்ளத்தில். பிச்சையம்மாள் அசந்துபோனாள். சத்தம் காட்டாமல் பிள்ளைக்குப் பின்னால் போய் ஒரு தகர டின்னைத் தரையில் போட்டாள். கொட்டகையில் அத்தனை தூளியும் விழித்து அலறியது. தங்கமணி திரும்பிப் பார்க்கவில்லை.

“அடப் பாவிகளா, பிள்ளைக்குக் காது கேக்கல. இதைப் போயி மண்டுங்கிறீங்க? மண்டு யாருன்னு நான் சொல்லட்டுமா, அழகேசா?”

அழகேசன் அன்று மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு லயத்து வீடுகள் நெடுக நடந்தான். பலகைக்குப் பேர் வந்தது. தண்ணீர்க் குழாயடியில் தாய்மார் மங்குக் கணக்குப் பேசிக்கொண்டார்கள். “எம்பிள்ளை மூணு மங்கு.” “ஒம்பிள்ளை மூக்கச் சிந்தவே மூணு மங்கு ஆகுமே.” பிள்ளைகள் பாட்டே கட்டிவிட்டன: ‘ரெண்டு மங்கு ராசா, மூணு மங்கு மந்திரி, ஆறு மங்கு மக்கு.’

இந்த நேரத்தில்தான் திகாம் பத்தில் சப்பான் பாஷை வகுப்பு வந்தது. தோட்டத்திலிருந்து பத்துப் பிள்ளைகள் வேண்டும், மூளையுள்ள பிள்ளைகளாக வேண்டும் என்று உத்தரவு. காலையில் தோட்ட வேலை. உச்சிப் பொழுதுக்கு வகுப்புக்குப் போனால் முதலில் ஒரு கை அரிசிச் சோறு. பொழுது சாய்கிறபோது வீடு திரும்பலாம். மற்ற பிள்ளைகள் நாள் முழுக்க மரவள்ளிக் காட்டில் களை பிடுங்க வேண்டியதுதான். பாஷையை யார் நினைத்தார்கள்? அந்த ஒரு கைச் சோற்றுக்குத்தான் கிராணி நடராஜா வீட்டு வாசலில் கூட்டம். நடராஜா ஆபீஸ் கணக்குப் பிள்ளை, பயந்த மனுஷர், யார் பொல்லாப்பும் வேண்டாம் என்பவர். “நான் எழுதல, ஆயா பலகை எழுதட்டும்” என்று நழுவிக்கொண்டார். பலகைக்குச் சொந்தமில்லை பந்தமில்லை, யாரும் அதனோடு சண்டைக்குப் போக முடியாது பாருங்கள்.

பெரிய பிள்ளைகள் வேலை முடிந்து வரவும், கைப்பிள்ளைகளைத் தாய்மார் தூக்கிக்கொண்டு போகவும், பொழுது மேற்கே இறங்கிவிடும். அப்புறம்தான் பிச்சையம்மாளுக்குக் கை ஒழியும். ஆறு நாள் அந்தி வெளிச்சத்தில் முப்பத்திரண்டு பிள்ளைகளைப் பார்த்தாள். பத்துப் பேர் தேறினார்கள், தங்கமணியும் அதில் ஒருத்தி. ஒன்பது பிள்ளைகளுக்கு ஆறு மங்கும் கவிழ்ந்தது. அதில் ஒருத்தி செல்லாயி மகள் இராசாத்தி, பதினொரு வயது. நட்சத்திரத்தை எடுத்துக் குருசுப் பள்ளத்தில் அழுத்தோ அழுத்து என்று அழுத்திக்கொண்டிருந்தாள்.

செல்லாயி வந்து நின்றாள். புருஷனைச் சயாமில் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போய் எட்டு மாதம். கடிதாசி இல்லை.

“அக்கா, ஒரு மங்கைக் குறைச்சுச் சொல்லக்கூடாதா? ஒங்க வாயிலதானே இருக்கு.”

“என் வாயில இல்லடி. பலகையில இருக்கு.”

“அது மரக்கட்டைக்கா.”

“மரக்கட்டைதான். அதனாலதான் பொய் சொல்லாது.”

செல்லாயி முந்தானையை இழுத்துச் செருகினாள். “சரிதான். பசிக்குதுன்னு கேக்க மட்டும்தான் எம்பிள்ளைக்கு மூளை இருக்கு. வர்றேன்” என்று போய்விட்டாள். பிச்சையம்மாளுக்குச் சுருக்கென்றது. ஆனால் பிடித்த பிடியை விடுகிற பெண்பிள்ளையா அவள்? கிராணியிடம் பத்துப் பேரையும் சொல்லிவிட்டு வந்து படுத்தாள்.

அடுத்த நாள் மழை. கொட்டகை ஒழுகிப் பலகை நனைந்துபோயிற்று. மறுநாள் காலையில் அதையும் கட்டைகளையும் வெளியே வெயிலில் போட்டுவிட்டுத் தூளி கட்டிக்கொண்டிருந்தாள். தம்பிக்குக் காய்ச்சல் என்று அவனை விட்டுப்போக வந்த இராசாத்தி, சிணுங்குகிற பிள்ளைக்கு வேடிக்கை காட்டப் பலகைக்கு முன்னால் குந்தினாள். தம்பி இடுப்பில். ஒரு கைதான் மிச்சம். “தோசை வீட்டுக்குப் போச்சு, பிஸ்கோத்து வீட்டுக்குப் போச்சு, குருசு கோயிலுக்குப் போச்சு.” பிச்சையம்மாள் கயிற்றை முடிந்தபடியே தன்னையறியாமல் எண்ண ஆரம்பித்திருந்தாள். மனசுக்குள் ஒரு மங்கு கவிழ்ந்தது. இரண்டாவதுக்குப் பாதி எண்ணுவதற்குள் பத்தும் வீடு சேர்ந்துவிட்டது.

“கள்ளி, வந்து வந்து பழகிக்கிட்டியா?”

“இல்ல ஆயா. அன்னிக்குத் தொட்டது, இப்பத் தொட்டது, அவ்வளவுதான்.”

“அப்ப அன்னிக்கு மட்டும் ஏன்டி கை மாவு பிசைஞ்சுது?”

“அன்னிக்குக் கட்டை எல்லாம் ஒண்ணாட்டம் இருந்துச்சு. மங்கலா.” சொல்லிவிட்டு இராசாத்தி ஆயாவை நிமிர்ந்து பார்த்தாள். “பொழுது சாஞ்சா எல்லாருக்கும் அப்படித்தானே ஆயா இருக்கும்?”

பிச்சையம்மாள் கயிற்றை விட்டுவிட்டாள்.

அன்று அந்தியில் இராசாத்தியைத் திரும்பவும் உட்கார வைத்தாள். எண்ணவில்லை, மங்கைத் தொடவில்லை. நட்சத்திரத்தின் ஐந்து முனையும் ஆயா கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தது. பிள்ளையின் விரல்கள் பலகையின் ஓரத்தையே தேடிக்கொண்டிருந்தன. கட்டையை எடுத்துத் தூரப் பிடித்து, “இது என்ன?” என்றாள். “எது ஆயா?” என்றது பிள்ளை. மாலைக்கண். கிழங்கும் உப்பும் தின்று வந்த கண். இத்தனை நாளாக நாம் மூளையைப் பார்க்கவில்லை, வயிற்றைப் பார்த்திருக்கிறோம் என்று அவளுக்குப் புரிந்தது.

வேலையில்லாத நாளாகப் பார்த்து, ஒன்பது பேரையும் காலை வெயிலில் கூப்பிட்டாள். இராசாத்தியோடு சேர்த்து ஐந்து பேருக்கு மூன்று மங்குக்குள் முடிந்தது. நான்கு பேருக்கு வெயிலிலும் ஆறுதான். அதில் ஒருவன் அப்பளசாமி. நட்சத்திரத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல் கெக்கெக்கே என்று சிரிப்பான். ஆனால் எந்த ஓடைக்கரையில் எந்தக் கீரை முளைத்திருக்கிறது, யார் வீட்டுக் கொல்லையில் முருங்கை தழைத்திருக்கிறது என்று தோட்டத்தில் அவனைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குப் பலகையில் பள்ளம் இல்லை.

கிராணியிடம் போனாள்.

“பலகை பொய் சொல்லாதுன்னு கொட்டகை அதிரச் சொன்னது நீதானே ஆயா?” என்றார் நடராஜா.

“பலகை பொய் சொல்லல ஐயா. நான்தான் இருட்டுல வச்சுக் கேட்டேன்.”

“பேரு போயிருச்சு. பத்துன்னா பத்து. பதினொண்ணாப் போனா என் கன்னம்தான் வீங்கும். வேணும்னா ஒருத்தரை எடுத்துட்டு ஒருத்தரைப் போடு. யாரை எடுக்கிறே?”

“யாரையும் எடுக்க மாட்டேன்.”

“அப்ப வீட்டுக்குப் போ.”

அவள் ஆபீஸ் படியில் உட்கார்ந்துவிட்டாள். நடராஜா பூட்டையும் சாவியையும் கையில் வைத்துக்கொண்டு நின்றார். “எந்திரி ஆயா. நான் பூட்டணும்.” “பூட்டுங்க. நான் வெளியிலதானே இருக்கேன்.” அவர் பூட்டினார். பூட்டிவிட்டுப் போக மனசு வராமல் நின்றார்.

“சடக்குல பட்டாள லாரி போகுது” என்றாள் பிச்சையம்மாள், சடக்கைப் பார்த்துக்கொண்டே. “தங்கமணிக்குப் பின்னால வர்ற லாரி கேக்காது. அதுக்கு ஒரு காது வேணும். இராசாத்திக்குத் திரும்பி வர்ற நேரம் கண்ணு தெரியாது. அதுக்கு ஒரு கண்ணு வேணும். ரெண்டும் சேந்து ஒரு ஆளு. ஒரு பேருக்குத்தானே எடமிருக்கு? அந்த ஒரு பேருல ரெண்டும் போகட்டும்.”

“சோறு ஒரு பங்குதான் குடுப்பான்.”

“பாதிச் சோறும் சோறுதானே ஐயா.”

நடராஜா சாவியை மடியில் செருகிக்கொண்டார். “கேட்டா, செவிட்டுப் பிள்ளைக்குத் துணைன்னு சொல்றேன். வெயில்ல தேறின மத்த நாலு பேரு?”

பிச்சையம்மாள் எழுந்து போனாள்.

அழகேசனிடம் அவளே போய்ச் சொன்னாள். பாதிச் சோறு போகிறதே என்று அவன் முகம் சுருங்கியது. “ஒம்மகளுக்குக் காது குடுக்கிறேன், அதுக்கு அரைக் கைச் சோறு குறையா?” என்றாள். அவன் மகளைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினான்.

பலகையை அவள் அடுப்பில் வைக்கவில்லை. இன்றைக்கும் பிள்ளைகளைப் பார்க்கிறாள், வேலையில்லாத நாளில், காலையில் மட்டும். கட்டையைக் கலைப்பதற்கு முன்னால், “என்ன தின்னுட்டு வந்தே?” என்று கேட்கிறாள். ஒன்றுமில்லை என்று சொல்கிற பிள்ளையை, “அப்ப இன்னிக்கு ஆட்டம் இல்ல” என்று அனுப்பிவிடுகிறாள். தினமும் அப்பளசாமி ஒரு கட்டு முருங்கைக்கீரை ஒடித்துக்கொண்டு வருகிறான். யார் கொல்லை என்று அவள் கேட்பதில்லை.

பிள்ளைகள் இருவரும் வகுப்புக்குப் போன அந்த முதல் நாள் அந்தியில் பிச்சையம்மாள் கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் கீரைத் தண்ணீர், மேலே ஒரு சொட்டுச் சிவப்புப் பனை எண்ணெய் மிதந்தது. சடக்கிலிருந்து இறங்குகிற பாதையில் இரண்டு பிள்ளைகள் வந்தன. உச்சிப் பொழுதில் போகும்போது இராசாத்தி முன்னால் போனாள். இப்போது தங்கமணி முன்னால் வந்தது, பின்னால் வருகிறவளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, மரவேர் வந்த இடத்தில் நின்று, அவள் காலை எடுத்து வைக்கிற வரைக்கும் காத்திருந்து.

இராசாத்தி உட்கார்ந்தாள். கை தரையில் துழாவி, வரிசையாகக் கவிழ்ந்திருந்த பீங்கானில் பட்டது. பட்டதும் கையை இழுத்துக்கொண்டாள்.

“திரும்பவும் பலகையா ஆயா?”

பிச்சையம்மாள் ஒவ்வொரு மங்காக நிமிர்த்தினாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆறும் நிமிர்ந்தன. கீரைத் தண்ணீரை ஊற்றி, முதல் மங்கை எடுத்துப் பிள்ளையின் இரண்டு கைக்குள்ளும் வைத்து மூடினாள்.

“குடி. ஆறும் ஒன்னோடதுதான்.”