வாடன் ஐயா கட்டிய குழைகள்

விடுதி விறாந்தையில் குவிந்து கிடந்த பூவரசங்குழைகள்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகின்றன. கல்லூரி வேலியில் நின்ற மரங்களை மொட்டையாக்கி இலைக்கொத்தோடு முறித்தவை. விடுதிப் பொறுப்பாளர் வாடன் ஐயா சாரத்தை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு அவற்றின் நடுவில் இருந்தார். ஒவ்வொரு குழையின் காம்பிலும் ஒரு துண்டுக் கயிற்றை முடிந்து சாக்குக்குள் போடுவார், அடுத்ததை எடுப்பார். இடையில் நிமிர்ந்து, "சனம் வருமோ, ரீச்சர்?" என்று கேட்பார். வரும் என்பேன். இரண்டு குழை கட்டி முடிப்பதற்குள் மறுபடியும் அதையே கேட்பார்.

அறுபதுகளின் தொடக்கம் அது. நான் முள்ளியவளையிலிருந்து வவுனியாவுக்கு முதல் நியமனம் பெற்று வந்திருந்தேன். கல்லூரி இருந்ததால்தான் அந்த இடத்தைப் பட்டணம் என்று சொல்ல முடிந்தது. மாதம் ஒருமுறையாவது கல்லூரி மைதானத்தில் ஏதாவது இலவசமாக நடக்கும். திரைப்பட வண்டி வந்து வெள்ளைத் துணியில் படம் காட்டும். யாராவது ஒரு பேச்சாளர் வந்து பயிர்ப் பூச்சியைப் பற்றியோ பாம்புக்கடியைப் பற்றியோ பேசுவார். பெரிய வகுப்பு மாணவர்கள் சட்டையில் நீல நாடா குத்திக்கொண்டு தொண்டர்களாக ஓடித் திரிவார்கள். ஊர்கூடிச் செய்யும் சிரமதானத்தில் மண்வெட்டி பிடிக்கவும் அவர்கள்தான். எல்லாவற்றுக்கும் பின்னால் விடுதி வாடன் ஐயா இருந்தார். யாரும் அவரிடம் அதைக் கேட்கவில்லை. கேட்காத வேலைகளைத் தலையில் போட்டுக்கொண்டு, பிறகு தூக்கமில்லாமல் தவிப்பது அவருடைய சுபாவம்.

அவரைப்போல் பயந்த மனிதரை நான் கண்டதில்லை. யாழ்ப்பாணத்துக்காரர், காடு என்றால் வேர்க்கும். குளக்கட்டுக்கு அப்பால் துணையில்லாமல் போகமாட்டார். விழா என்றால் அவருக்கு இரண்டு பயங்கள். முதலாவது, சனம் வருமோ என்பது. சனம் வந்துவிட்டால் உடனே அடுத்தது தொடங்கும்: "சோறு காணுமோ?" நிகழ்ச்சிக்கு வரும் எல்லோருக்கும் ஒருநேரச் சாப்பாடு போடவேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். அரிசியும் பூசணியும் கடைக்காரர்களும் கமக்காரர்களும் கொடுப்பார்கள். எங்கள் கல்லூரியில் சோறு ஒருநாளும் குறைந்ததில்லை. அவருடைய முகத்தைப் பார்த்தால் மட்டும் பானை அப்போதே காலியானது மாதிரி இருக்கும்.

இந்தமுறை வந்தது படமோ பேச்சோ அல்ல. யாழ்ப்பாணத்திலிருந்து கண் வைத்தியர் ஒருவர் வருகிறார், இலவசமாகப் பார்ப்பார், சத்திரசிகிச்சை தேவைப்படுகிறவர்களை அன்று மாலை ரயிலிலேயே தன்னோடு கூட்டிப்போய் ஆஸ்பத்திரியில் சேர்ப்பார் என்று ஏற்பாடு. செய்தி வந்த நாளிலிருந்து விடுதிக் குசினியில் சமைக்கும் அக்காவின் கால் நிலத்தில் படவில்லை. அவவின் தாயாருக்கு இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்து, கை பிடித்துத்தான் நடப்பா. ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று ஆண்டுக்கணக்காக அடம்பிடித்த மனுசி, மகள் வேலை செய்யும் கல்லூரிக்கு என்றதும் ஒருவாறு சம்மதித்திருந்தா. இதை விட்டால் அவவை இன்னொரு தடவை சம்மதிக்க வைக்க முடியாது என்பது அக்காவுக்குத் தெரியும். எங்களுக்கும் தெரியும்.

அவர்களுடைய ஊர் காட்டுக்கு அப்பால் இருந்தது. வண்டிப்பாதையால் சுற்றி வந்தால் அரை நாள். ஆனால் சில மாதங்களுக்கு முன் எங்கள் தொண்டர்கள் சிரமதானத்தில் குளக்கட்டின் பக்கமாக ஒரு குறுக்குப் பாதை வெட்டியிருந்தார்கள். புதிய பாதை, இடையிடையே மாட்டுத் தடங்கள் பிரியும். கண் தெரியாதவர்களும் வயதானவர்களும் வழி மாறிப்போனால் என்ன செய்வது என்று வாடன் ஐயா யோசித்தார். தன் யாழ்ப்பாணத்து ஊர்த் திருவிழாக்களுக்குக் கட்டுவதுபோல வழி முழுக்கக் குழை கட்டிவிட்டால் கூட்டிவருகிறவர்கள் பச்சையைப் பார்த்துக்கொண்டே வந்துவிடுவார்கள் என்று முடிவு செய்தார். மாலையில் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போய், ஒரு வளைவும் விடாமல் கட்டிவிட்டு வந்தார். அன்று அவர் முகத்தில் கொஞ்சம் திருப்தி தெரிந்தது.

மறுநாள் நெளுக்குளத்திலிருந்து விடியவே வந்துவிட்டார்கள். பூவரசங்குளம் பக்கத்திலிருந்து வண்டி வண்டியாக வந்தார்கள். நீல நாடாக்காரர்கள் ஆட்களை வரிசையில் இருத்தினார்கள். நான் அக்காவோடு குசினிக்கு வெளியே பெரிய பானைகளருகில் நின்று சோறு பரிமாறினேன். அக்கா ஒவ்வொரு அகப்பை போடும்போதும் பின்வாசல் பக்கம் திரும்பிப் பார்ப்பா. அந்த வாசலால்தான் குறுக்குப் பாதை வரும். அந்த வழியால் ஒரு ஆடுகூட வரவில்லை. மத்தியானமாகியும் வரவில்லை. அக்காவின் அகப்பை இலைக்கு வெளியே சோற்றைக் கொட்டத் தொடங்கியபோது நான் அதை வாங்கிக்கொண்டேன்.

தொலைந்த மாட்டைத் தேடிக்கொண்டு வண்டிப்பாதையால் சைக்கிளில் வந்த அந்த ஊர்க்காரர் ஒருவர்தான் சேதி சொன்னார். "வெளிக்கிட்டவை. குளக்கட்டுக்கு இங்காலையும் கொஞ்சத்தூரம் வந்தவை. பாதை முழுக்கக் குழை தொங்குது. இவ்வளவு பேர் பயந்து கட்டின பாதையாலை ஆர் வருவினம்? திரும்பிப் போயிட்டினம்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. காட்டுப் பாதையில் யானைப் பயம் உள்ள இடத்தில், பிள்ளையாரே காப்பாற்று என்று ஒரு குழை முறித்து மரத்தில் கட்டிவிட்டுப் போவது வன்னி வழக்கம். பிறகு வருகிறவர்களும் அங்கே நின்று தங்கள் பங்குக்கு ஒன்று கட்டுவார்கள். ஒரு குழை தொங்கினாலே கவனமாக நடப்பார்கள். வாடன் ஐயா வளைவுக்கு வளைவு கட்டியிருந்தார். நானும் வன்னிப் பிள்ளைதான்; கல்லூரி விறாந்தையில் பார்த்ததால் அது எனக்கு வெறும் அலங்காரமாகத் தெரிந்தது. அக்காவும் வாசல் தோரணத்துக்கு என்றுதான் நினைத்திருக்கிறா.

வாடன் ஐயா விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தார். வைகாசி வெயில்; காட்டுக்குள் தண்ணீர் வற்றி, பொழுது சாயும்போது யானைகள் குளத்துக்கு இறங்கும் காலம். அக்கா ஓடிப்போய் சைக்கிள் கரியரைப் பிடித்துக்கொண்டா.

"ஐயா, போகாதேங்கோ. அம்மாவுக்குக் கண்தானே இல்லை, உயிர் கிடக்கு. உங்களுக்கு ஒண்டு நடந்தால் நான் ஆருக்குப் பதில் சொல்லுவன்?"

"குழை கட்டினது நான், பிள்ளை. நான்தான் போகவேணும்" என்றார். சொல்லிவிட்டு மிதித்தார்.

அந்தப் பின்னேரம் நகரவே இல்லை. நான் வைத்தியரிடம் போய், இன்னும் ஒரு ஊர்ச் சனம் வரவேண்டும், கொஞ்சம் பொறுக்க முடியுமா என்று கேட்டேன். நல்ல மனிதர், ஆனால் ரயில் தனக்காக நிற்காது என்றார். அவர் தெரிவு செய்தவர்கள் மூட்டை முடிச்சுகளோடு மாமரத்தின் கீழ் காத்திருந்தார்கள். தொண்டர்கள் ஆட்கள் இருந்த வாங்குகளை அடுக்கினார்கள். நீல நாடாவைக் கழற்றிவிட்டு இரண்டு மாணவர்கள் பின்வாசலில் போய் நின்றார்கள். யாரும் அவர்களை அனுப்பவில்லை. அக்கா கழுவிய பானையையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தா. தாயை நினைத்து அழுகிறாவா, ஐயாவை நினைத்தா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. காட்டுப் பக்கம் கிளை முறிகிற சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். எது கேட்டாலும் யானையாகத்தான் இருக்கும் என்று பட்டது.

நோயாளர்களை ஸ்ரேசனுக்கு ஏற்றிப்போக லொறி வந்துவிட்டது. வைத்தியரும் முன் ஆசனத்தில் ஏறிவிட்டார். சாரதி இயந்திரத்தை முடுக்கிய அந்தச் சமயத்தில்தான் விசில் கேட்டது. பின்வாசலில் நின்ற மாணவர்கள் கையைக் காட்டிக்கொண்டு ஓடிவந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் வாடன் ஐயா சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். கரியரில் அக்காவின் தாயார் அவருடைய சட்டையைப் பிடித்துக்கொண்டு இருந்தா. பின்னால் ஒரு ஊரே நடந்து வந்தது. ஐயாவின் சட்டை வேர்வையில் ஒட்டி, கைகள் இரண்டும் பச்சைச் சாறு பிடித்துக் கிடந்தன.

ஏன் இவ்வளவு நேரம் என்பது பிறகுதான் தெரியவந்தது. அவை வழிகாட்டக் கட்டிய குழைகள் என்று ஐயா சொன்னதை ஊரார் நம்பினார்கள். ஆனால் கட்டிய குழை கட்டியதுதான். அதைக் கடந்து சும்மா போகமுடியாது என்று அக்காவின் தாயார் ஒரே பிடியாக நின்றிருக்கிறா. அவிழ்த்துப் போடவும் விடவில்லை. அதனால், முதல்நாள் கட்டிய ஒவ்வொரு குழையிலும் ஐயா நிற்கவேண்டியதாயிற்று. நின்று, புதிதாக ஒன்று முறித்துக் கட்டி, எல்லோரும் கும்பிட்டு முடியும்வரை பொழுதைப் பார்த்துத் தவித்து, பிறகு அடுத்ததற்கு நடக்கவேண்டியதாயிற்று. ஒரு வளைவும் விடாமல் கட்டியிருந்தாரே மனிதர்.

வைத்தியர் இறங்கி வந்து, லொறி வெளிச்சத்திலேயே அந்தக் கண்களை விரித்துப் பார்த்தார். "ஏறுங்கோ அம்மா" என்றார். மற்றவர்களை அடுத்தமுறை வந்து பார்ப்பதாகச் சொன்னார். அக்கா உடுத்த சீலையோடு தாயின் பின்னால் ஏறினா. லொறி திரும்பிப் போனது. வாடன் ஐயா வாசலில் நின்ற சனத்தைப் பார்த்தார், கழுவிக் கவிழ்த்திருந்த பானைகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"ரீச்சர், சோறு காணுமோ?"

நான் சிரித்துக்கொண்டே அழுதேன். திரும்பவும் அடுப்பு மூட்டினோம்.

ஒரு மாதத்துக்குப் பிறகு அக்காவின் தாயார் தடித்த கண்ணாடியோடு விடுதிக்கு வந்தா. ஒருவர் கையையும் பிடிக்காமல் நடந்து வந்தா. வாடன் ஐயாவைக் காட்டச் சொல்லிக் கேட்டா. காட்டினோம். கிட்டப் போய் அவருடைய முகத்தை வெகுநேரம் பார்த்தா. அவர் வழக்கம்போல, சோறு காணுமோ என்ற முகத்தோடு நின்றார்.

"தம்பி, இந்த முகத்தோடயோ நீ அண்டைக்குக் காட்டுக்குள்ளாலை வந்தனீ?" என்று கேட்டா. "அண்டைக்கு எனக்குக் கண் தெரிஞ்சிருந்தால் உனக்குப் பின்னாலை நான் வந்திருக்கமாட்டன்."

ஐயா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்ததை நான் பார்த்தது அந்த ஒருதடவைதான்.

இப்போது எனக்குக் கண்ணில் வெள்ளை. நேற்று மகள் என்னை வான் வண்டியில் வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். இன்னும் கொஞ்சநேரத்தில் சத்திரசிகிச்சை. வழியில் காடு ஒடுங்கிப்போய், தெரு அகன்று தார் போட்டுக் கிடக்கிறது. ஒரு வளைவில் மின்கம்பத்துக்குப் பக்கத்து மரத்தில் யாரோ குழை கட்டியிருந்தார்கள். பச்சையாக ஏதோ தொங்குவது மட்டும் எனக்கு மங்கலாகத் தெரிந்தது. வானை நிறுத்தச் சொன்னேன். இறங்கி ஒரு குழை முறித்துக் கட்டினேன். மகள் பின்னால் வந்து, "பயமா இருக்கோ, அம்மா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். நல்லவேளை, நான் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதால் அவள் என் முகத்தைக் காணவில்லை.