வாசலில் கட்டிய பிளக்ஸ்

எங்கள் வீட்டுக்குத் திருடர்கள் வந்தது காலை பத்தேகால் மணிக்கு. பட்டப்பகல், சுள்ளென்ற வெயில். திருட்டு என்றால் இருட்டில்தான் நடக்கும் என்று நம்பி வந்தவன் நான். போனது இதுவரை கிடைக்கவில்லை.

தேனியில் மோட்டார் பம்புக் கடை வைத்திருக்கிறேன். ஊருக்கு வெளியே புதிதாகப் போட்ட பிளாட்டில் வீடு. வாசல் கதவுக்கு மூன்று பூட்டு, ஜன்னலுக்கெல்லாம் கம்பி, தெருவைப் பார்த்து நான்கு கேமரா. வயரிங் முழுக்க என் கையால் செய்தது. வீட்டுக்கு வருகிற ஒருவரையும் சும்மா விடமாட்டேன். காபி வருவதற்குள் போனைத் திறந்து, "கடையில உக்காந்துக்கிட்டே நம்ம வாசல்ல யாரு நிக்கிறாகன்னு பாத்திரலாம்" என்று காட்டிவிடுவேன். இதை நூறு தடவை கேட்டுவிட்ட என் மனைவி, நான் போனை எடுத்தாலே அடுப்படிக்குள் போய்விடுவாள்.

என் பெருமையை அப்படியே நம்பியவள் என் தங்கைதான். அவளும் அவள் புருஷனும் குமுளிக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டத்தில் வேலை செய்கிறார்கள். குடியிருப்பது எஸ்டேட் லயத்தில், வரிசையாகக் கட்டிய ஒற்றை அறை வீடுகளில் ஒன்று. ஓங்கி ஒரு உதை விட்டால் கதவு திறந்துகொள்ளும். அவள் மகளுக்கு வைகாசியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அதற்காகப் பல வருஷமாகச் சிறுகச் சிறுக வாங்கிய நகையை ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டு, துண்டில் சுற்றி, கம்பம் வரை ஜீப்பில் வந்து, அங்கிருந்து பஸ் ஏறி என்னிடம் கொண்டுவந்து சேர்த்தாள்.

"பேங்க் லாக்கர்ல வச்சிருவமாண்ணே?" என்று கேட்டாள்.

"லாக்கர் எதுக்குத்தா? நம்ம வீட்ட விடவா அது பத்திரம்?" என்றேன். என் வாய் அப்படிப்பட்டது.

மாசி மாதம் என் மகளுக்குக் காதுகுத்து வைத்தோம். எங்கள் குலதெய்வக் கோயில் கெங்குவார்பட்டிக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில் இருக்கிறது. கிடா வெட்டி விருந்து. எங்கள் பக்கத்தில் காதுகுத்துக்கு பிளக்ஸ் வைக்காவிட்டால், கடை சரியாக ஓடவில்லை போலிருக்கிறது என்று பேசிவிடுவார்கள். நானா விடுவேன்? தாமரைப் பூவுக்கு நடுவில் மகள், ஓரத்தில் நானும் மனைவியும் கும்பிட்டபடி. இன்ன தேதி, காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள், இன்ன கோயில், குடும்பத்தோடு வருக என்று எல்லாம் கொட்டை எழுத்தில். அதை எங்கள் வீட்டு கேட்டுக்கு மேலேயே கட்டினேன். ஒரு வாரம் அது காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது.

அதோடு நின்றேனா? தெருவுக்கே சேர்த்து வேன் பிடித்தேன். எதிர்வீட்டு அக்காவுக்கு முட்டிவலி. காலையில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை அங்கேதான். தெருவுக்குள் புது ஆள் நுழைந்தால் "யாரு வேணும்?" என்று கேட்காமல் விடமாட்டார். "நான் வரலப்பா, நீங்க போயிட்டு வாங்க" என்றவரை, கையைப் பிடித்துக் கூட்டிவந்து வேனில் முன் சீட்டில் உட்கார வைத்தேன்.

முதல் நாளே வந்துவிட்ட என் தங்கை, கிளம்புகிற நேரத்தில் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தாள்.

"அண்ணே, அந்த டப்பாவக் குடுண்ணே. இன்னைக்கு ஒரு நாளைக்கு நான் போட்டுக்கிறேன். மாப்ள வீட்டாளுக வேற வாராக."

"கோயில் கூட்டத்துல எவனாச்சும் அத்துக்கிட்டு ஓடிட்டா என்ன செய்வ? அது பீரோவுல கெடக்கட்டும்."

அவள் பையிலிருந்து ஒரு கவரிங் செயினை எடுத்துப் போட்டுக்கொண்டாள். பட்டும் நகையுமாக என் மனைவி ஏற்கெனவே வேனில் ஏறியிருந்தாள். நான் மூன்று பூட்டையும் போட்டு, இழுத்துப் பார்த்துவிட்டு ஏறினேன்.

கோயிலில், மகள் தாய்மாமன் மடியில் உட்கார்ந்து வீறிட்டுக்கொண்டிருந்தபோது என் போன் அதிர்ந்தது. கேமரா அலாரம். நாய் போனாலும் பூனை போனாலும் அது அடிக்கும். பார்க்காமலே தள்ளிவிட்டு, ஆசாரி காது குத்துவதைப் படம் எடுத்தேன்.

மூன்று மணிக்குத் திரும்பினோம். மூன்று பூட்டும் போட்டது போட்டபடி இருந்தன. கதவைத் திறந்ததும் அடுப்படிப் பக்கத்திலிருந்து காற்று முகத்தில் அடித்தது. கொல்லைக் கதவு பெயர்ந்து தரையில் கிடந்தது. பின்னால் வாழைத்தோட்டம்தானே, அங்கே யார் வரப்போகிறார்கள் என்று ஒரே ஒரு தாழ்ப்பாளோடு விட்டிருந்த கதவு. அறைக்குள் பீரோ திறந்து கிடந்தது. டப்பா இல்லை. சுற்றியிருந்த துண்டு மட்டும் கட்டிலில் கிடந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஸ்டேஷனிலிருந்து வந்த ஏட்டையா கேமரா பதிவைக் கேட்டார். படம் பளிச்சென்று இருந்தது. வெள்ளைச் சட்டை, வேட்டி, விசேஷத்துக்கு வந்தவனைப் போல ஒரு ஆள். பைக்கில் இன்னொருவனை உட்கார வைத்துவிட்டு பிளக்ஸுக்கு முன்னால் வந்து நிற்கிறான். மேலிருந்து கீழே வரை நிதானமாகப் படிக்கிறான். கைக்கடிகாரத்தைப் பார்க்கிறான். எதிர்வீட்டுக் காலி நாற்காலியைத் திரும்பிப் பார்க்கிறான். பிறகு வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போகிறான். அவ்வளவு நேரமும் பிளக்ஸில் நான் அவனைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு இருக்கிறேன்.

"மூணு பூட்டு போட்டிருக்கீக, நாலு கேமரா வச்சிருக்கீக" என்றார் ஏட்டையா. "எத்தன மணிக்கு வீட்ல ஆளு இருக்க மாட்டாகன்னு நீங்களே எழுதியும் வச்சிருக்கீகளே, சார்." அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

தங்கை கோயிலில் பாத்திரம் கழுவி முடித்து, கடைசி வேனில் வந்து இறங்கினாள். கையில் எங்களுக்காக எடுத்துவைத்த கறிக்குழம்புத் தூக்கு. நான் தலை நிமிராமல் சொன்னேன்.

"ஒன் டப்பா போயிருச்சுத்தா."

அவள் தூக்கைக் கீழே வைத்தாள். கட்டிலில் கிடந்த துண்டை எடுத்து, நாலாக மடித்து, மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டட்டும் என்று வேண்டிக்கொண்டே இருந்தேன். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"மதினி நகையெல்லாம் பத்திரமா இருக்குல்லண்ணே?"

அதில் குத்தல் துளிகூட இல்லை. நிஜமாகவே பதறிப்போய்க் கேட்டாள். அறை வாசலில் நின்ற என் மனைவி முந்தானையை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டாள்.