பஸ்ரியனின் பழைய நம்பர்

ஸ்காபரோவில் தமிழ்ச் சனத்துக்குக் கார் ஓட்டப் பழக்கினவர்கள் எத்தனையோ பேர். பஸ்ரியனைத் தேடி வந்தவர்கள் பெரும்பாலும் பயந்தவர்கள். வேறு ஆட்களிடம் பழகி ரெஸ்றில் தவறினவர்கள், ஊரில் சைக்கிள்கூடத் தொடாத பெண்கள், ஐம்பது தாண்டியும் பஸ்ஸுக்கு நின்று பனியில் விறைத்துக் களைத்தவர்கள். பஸ்ரியன் யார் மேலும் சத்தம் போட்டதில்லை. பக்கத்துச் சீற்றில் கையைக் கட்டிக்கொண்டு இருந்து, "ஆறுதலா, ஆறுதலா. ரோட்டு எங்கையும் ஓடிப்போகாது" என்பான்.

பேசாலை என்ற கடலோர ஊரில் பிறந்தவன். எண்பத்தொன்பதில் கனடாவுக்கு வந்து, கோப்பை கழுவி, தொழிற்சாலையில் நின்று, கடைசியில் இந்தத் தொழிலைப் பிடித்தான். நாள் முழுவதும் காரில் இருக்கிறவனுக்குப் போன் இல்லாமல் தொழில் நடக்காது என்று தொண்ணூற்றைந்தில் ஒரு கைப்போன் எடுத்தான். கைப்போன் என்பது பேருக்குத்தான். கைப்பிடி வைத்த கறுப்புப் பை ஒன்று, அதற்குள் செங்கல் மாதிரி ஒரு பெட்டி, சுருட்டு வயரில் தொங்கும் ரிசீவர். அந்த நம்பரைத்தான் காரின் கூரைப் பலகையில் பெரிய எழுத்தில் எழுதுவித்தான்.

அதே நம்பரைத்தான் தம்பி சீமோனுக்கும் கொடுத்தான்.

தாயும் தகப்பனும் போன பிறகு சீமோனை வளர்த்தது பஸ்ரியன்தான். பன்னிரண்டு வயது இளையவன். தொண்ணூற்றாறில் அவன் கொழும்பில் ஒரு லொட்ஜில் ஒளிந்து கிடந்தான். வெளியே போனால் பொலிஸ்காரர் பிடிக்கிறார்கள், உள்ளே இருந்தாலும் வந்து பிடிக்கிறார்கள். ஆட்களைக் களவாக வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு ஏஜென்சிக்காரனைப் பிடித்துப் பஸ்ரியன் அவனை வெளியே எடுப்பித்தான். நேரே கனடா என்று சொன்னவர்கள் ஆபிரிக்காவில் ஏதோ ஒரு துறைமுகப் பட்டினத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து சீமோன் போன் எடுத்தான்.

"வீட்டுக்கு எடுக்காதை. நான் பகல் முழுக்க வெளியிலை, அண்ணியும் வேலையிலை. காருக்கு எடு. அது எப்பவும் என்னோடைதான் இருக்கும்" என்று பஸ்ரியன் சொன்னான்.

"நம்பர் பாடம் அண்ணை. நித்திரையிலை எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவன்" என்று சிரித்தான் சீமோன். பிறகு, "நாளைக்கு எங்களைக் கப்பலிலை ஏத்தப் போகினமாம். இறங்கின உடனை எடுக்கிறன்" என்றான்.

அதுதான் அவனுடைய கடைசிக் குரல்.

அதற்குப் பிறகு அந்தக் கறுப்புப் பை பஸ்ரியனை விட்டு அசையவில்லை. கலியாண வீட்டுக்குப் போனால் மேசைக்குக் கீழே பை. குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே பை. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போனால் கடைசி வாங்கில், வாசலுக்குக் கிட்ட, மடியில் பை. ஏஜென்சிக்காரன் முதலில் "வந்து சேர்ந்திடுவாங்கள் அண்ணை" என்றான். பிறகு "நானும் விசாரிச்சுக்கொண்டுதான் இருக்கிறன்" என்றான். பிறகு அவனைக் காணவில்லை.

தொண்ணூற்றேழு இளவேனிலில் ஒருநாள், மக்டலீன் என்ற ஒரு விதவைக்கு மார்க்கம் ரோட்டில் இடப்பக்கம் திருப்பப் பழக்கிக்கொண்டிருந்தான். அவள் பாதி திரும்பும்போது போன் அடித்தது. திடுக்கிட்ட மக்டலீன் ஸ்ரியறிங்கை விட்டுவிட்டாள். எதிரே லொறி. பஸ்ரியன் ஒரு கையால் ஸ்ரியறிங்கை வளைத்துத் தன் பக்கம் இருந்த பிறேக்கை மிதித்தான். லொறி ஹோர்ன் அடித்துக்கொண்டு போய்விட்டது. அவள் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு அழுதாள். அவன் ரிசீவரைத் தூக்கினபோது லைன் அறுந்துவிட்டிருந்தது.

யார் எடுத்தது? பழக வரும் ஆளாக இருக்கலாம். பிழையான நம்பராக இருக்கலாம். சீமோனாகவும் இருக்கலாம். அந்தப் பெட்டிக்கு அடிக்கத் தெரியும். அடித்தது யார் என்று சொல்லத் தெரியாது. பஸ்ரியன் அன்று மிச்சப் பாடங்களை எல்லாம் நிறுத்திவிட்டு ஒரு பிளாசாவின் பார்க்கிங்கில் இருட்டும் மட்டும் காத்திருந்தான். திரும்ப அடிக்கவில்லை.

அடுத்த வருடம் ஜெசிகா பழக வந்தாள். பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டு, மோலில் போன் விற்கும் ஒரு சின்னக் கடையில் வேலை செய்தவள். பையைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

"ஓ மை கோட், அங்கிள்! இன்னும் இதையா வைச்சிருக்கிறீங்கள்? இது மியூசியத்துக்குப் போகவேணும்."

அவள் தன் கைப்பையிலிருந்து உள்ளங்கை அளவில் ஒன்றை எடுத்துக் காட்டினாள். சின்னத் திரை, பச்சை வெளிச்சம். "இது சரியான ஸ்மார்ட், அங்கிள். பேர், நம்பர் எல்லாம் தானே ஞாபகம் வைச்சிருக்கும். மெசேஜ்கூட எழுதி அனுப்பலாம். ஆர் எடுத்தாலும் திரையிலை நம்பர் விழும். நீங்கள் எடுக்காட்டிலும் விழும்."

பஸ்ரியனுக்கு மற்றதொன்றும் காதில் ஏறவில்லை. "எடுக்காட்டிலும் விழுமோ?" என்று இன்னொரு தரம் கேட்டான்.

"ஓம் அங்கிள். ஆனா இது வேறை கொம்பனி. நீங்கள் இஞ்சை மாறவேணும். மாறினா பழைய நம்பரைக் கொண்டுவர ஏலாது. புது நம்பர்தான் தருவினம்."

அன்று வீட்டுக்கு வந்து கோப்பையில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். மனைவி பேர்ணடெற் அப்போது பிள்ளைத்தாய்ச்சி, இரண்டாம் மாதம். என்ன யோசனை என்று கேட்டாள்.

"பழசிலை அவன் எடுத்தாலும் ஆரெண்டு எனக்குத் தெரியாது. புதுசிலை தெரியும். ஆனா எடுக்கிறதுக்கு அவனுக்கு நம்பர் தெரியாது. இதுக்கு என்ன செய்யிறது, நீர் சொல்லும்?"

"ரெண்டையும் வைச்சிருங்கோவன்" என்றாள் அவள்.

சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்த கறுப்புப் பையைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பஸ்ரியனுக்கு விளங்கிவிட்டது. அவளுக்கு வேண்டியது புதுப் போன் இல்லை. அந்தப் பை வீட்டை விட்டுப் போகவேண்டும். அது கிடக்கும் மட்டும் அந்த வீட்டில் யாரும் உரத்துச் சிரித்ததில்லை, ரேடியோவைக் கூட்டி வைத்ததில்லை. எழுந்து போய்க் கையைக் கழுவினான்.

கோடை முழுவதும் இழுபட்டது. ஜெசிகா லைசென்ஸ் எடுத்துவிட்டாள். அவன் இரண்டு தரம் அவளுடைய கடை வாசல் வரை போய்த் திரும்பி வந்தான்.

இலை கொட்டும் நாளில் போன் அடித்தது. தமிழ்க் குரல்.

"பஸ்ரியன் அண்ணையோ? நான் அன்புராசா. உங்களுக்கு என்னைத் தெரியாது. சீமோனோடை வந்தனான்."

அன்புராசா கனடாவுக்கு வந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. வோபர்னில் ஒரு பேஸ்மென்றில் இருந்தான். பஸ்ரியன் அவனை ஏற்றிக்கொண்டு ஒரு கோப்பிக் கடைக்குப் போனான். மெலிந்த பெடியன், யாரோ கொடுத்த பெரிய ஜக்கற். கோப்பியைக் குடிக்காமல் கோப்பையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு சொன்னான்.

"எங்கடை கடுதாசி, துண்டு எல்லாத்தையும் கப்பல்காரர் பறிச்சுப் போட்டாங்கள் அண்ணை. அதாலை சீமோன் உங்கடை நம்பரை எங்களுக்கும் பாடமாக்கித் தந்தவன். செபமாலை சொல்லுற மாதிரி ராவிலை எல்லாரும் சேந்து சொல்லுவம். ஆர் தப்பினாலும் அண்ணைக்குச் சொல்லவேணும் எண்டவன்."

"பிறகு?"

"எந்தக் கடல் எண்டே எங்களுக்குத் தெரியாது. கரை தெரிஞ்சுது, லைற் தெரிஞ்சுது. சின்ன வள்ளம் ஒண்டிலை பிரிச்சுப் பிரிச்சு இறக்கினவங்கள். நான் முதல் தரம் போனன். அவன் ரெண்டாம் தரம். நாங்கள் கரையிலை நிக்கேக்கை கத்துற சத்தம் கேட்டது. கன நேரம் கேட்டது. பிறகு கேக்கேல்லை."

"கண்ணாலை கண்டனியோ?"

"இருட்டு அண்ணை."

"அவன் அந்த வள்ளத்திலை ஏறினதைக் கண்டனியோ?"

அன்புராசா கோப்பையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "இல்லை" என்றான். தன்னைப் பொலிஸ் பிடித்துக் காம்பில் போட்டதையும், அங்கே சீமோனைத் தேடினதையும், வெளியே விட்டபின் நாடு நாடாக அலைந்ததையும் சொன்னான். போன வருடம் ஒருதரம் ஒரு போன் பெட்டியிலிருந்து முயற்சி செய்தானாம். அடித்ததாம், யாரும் எடுக்கவில்லையாம். பிறகு எடுக்க வசதி கிடைக்கவில்லையாம்.

மார்க்கம் ரோட்டில் அடித்த அந்த அழைப்பு இவனுடையதாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். பஸ்ரியன் அதைப் பற்றி அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. வீட்டில் கொண்டுபோய் விடும்போது அவனுடைய தோளில் கை வைத்தான். பெடியன் வாய் பொத்தி அழத் தொடங்கினான். பஸ்ரியனுக்கு அழுகை வரவில்லை.

பஸ்ரியன் வந்து சொன்னதைப் பேர்ணடெற் கேட்டாள். பிறகு மெதுவாக, "அவன்ரை ஆத்துமத்துக்கு ஒரு பூசை ஒப்புக்குடுப்பம்" என்றாள்.

"ஆர் கண்டது? அவன் சாகேல்லை" என்று கத்தினான் பஸ்ரியன். அவள் மேல் அவன் சத்தம் போட்டது அதுதான் முதல் தரம். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோடு சாய்ந்தாள்.

"அப்ப என்னை என்ன செய்யச் சொல்லுறியள்? வாறது ஒரு பிள்ளை. அதுக்கும் சத்தம் போடாதை, சித்தப்பா போன் எடுப்பார் எண்டே சொல்லி வளக்கிறது? என்னாலை ஏலாது. சத்தியமா என்னாலை ஏலாது."

விடிந்ததும் பஸ்ரியன் மோலுக்குப் போனான். கடை திறக்கும் மட்டும் வெளியே நின்றான். தீர யோசித்து எடுத்த முடிவு என்று சொல்ல முடியாது. பாரம் தூக்கிக் களைத்தவன் நடுவழியில் பொத்தென்று போட்டுவிடுவானே, அதுபோலத்தான். ஜெசிகா புதுப் போனைக் காட்டி எல்லாம் விளங்கப்படுத்தினாள். அவன் கையெழுத்து வைத்தான். அங்கே நின்றபடியே பழைய கொம்பனிக்குப் போன் எடுத்துத் தன் நம்பரை வெட்டச் சொன்னான். ஏன் வெட்டுகிறீர்கள் என்று கேட்டார்கள். "இனித் தேவையில்லை" என்றான்.

மாசியில் மகள் பிறந்தாள். புதுப் போனில் முதல் வந்த வெளிநாட்டு அழைப்பு இந்தியாவிலிருந்து, பேர்ணடெற்றின் தமக்கை. திரையைப் பார்த்தான். நம்பர் விழவில்லை. 'தெரியாதவர்' என்று ஆங்கிலத்தில் ஒரு சொல் மட்டும் நின்றது. ஜெசிகாவிடம் போய்க் கேட்டான்.

"ஓ, ஓவர்சீஸ் கோல் எண்டா அப்பிடித்தான் அங்கிள். நம்பர் காட்டாது. சொறி, நான் அதைச் சொல்லேல்லையோ?"

பஸ்ரியன் "பரவாயில்லை பிள்ளை" என்று சொல்லிவிட்டு வந்தான்.

அதன் பிறகுதான் பாடத்துக்கும் பாடத்துக்கும் இடையில், காரை ஓரமாக விட்டுத் தன் பழைய நம்பருக்கே போன் எடுக்கத் தொடங்கினான். இந்த இலக்கம் பாவனையில் இல்லை என்று பதிவு செய்த குரல் சொல்லும். அதைக் கேட்க அவனுக்கு ஒருவித ஆறுதல்; நம்பர் இன்னும் யாருக்கும் போகவில்லை. திரும்பக் கேட்டு வாங்கலாமோ என்றுகூட நினைத்தான். பழைய கொம்பனிக்கு எடுத்துக் கேட்டான். அப்படித் தர முடியாது என்றார்கள்.

கோடையில் ஒருநாள் அந்தக் குரல் வரவில்லை. மணி அடித்தது. ஒரு வெள்ளைக்காரப் பெண் "ஹலோ" என்றாள்.

தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பஸ்ரியன் எல்லாவற்றையும் சொன்னான். இது என்னுடைய நம்பர். என் தம்பி இதற்கு எடுப்பான். அவனுக்கு ஆங்கிலம் அவ்வளவு வராது. எடுத்தால் தயவுசெய்து என் புது நம்பரைச் சொல்லுங்கள். நல்ல மனுசி. "ஐயோ பாவம்" என்கிற மாதிரி ஏதோ சொல்லி, நம்பரை எழுதிக்கொண்டாள். சீமோன் என்ற பெயரையும் எழுத்துக் கூட்டிக் கேட்டாள்.

அவளை நம்பி அவன் சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. ஒரு மாதம் கழித்து எடுத்து, யாரும் எடுத்தார்களா என்று கேட்டான். இல்லை என்றாள். பிறகு கிழமைக்கு ஒருதரம். பிறகு அதையும்விடக் கூட. கடைசியில் ஒரு ஆண் குரல் எடுத்து, "இனிமேல் எடுக்க வேண்டாம், என் மனைவி பயப்படுகிறாள்" என்றது. பஸ்ரியன் மன்னிப்புக் கேட்டான். இரண்டு கிழமை கையைக் கட்டிக்கொண்டு இருந்தான். பிறகு பொறுக்காமல் எடுத்தபோது, இலக்கம் பாவனையில் இல்லை என்றது பழைய பதிவுக் குரல். அவனுடைய தொல்லை தாங்காமல் அவள் நம்பரை மாற்றிக்கொண்டு போய்விட்டாள்.

அன்று அடுத்த பாடத்துக்கு வந்த மனுசி, அவன் இருந்த காரின் கண்ணாடியை வெகு நேரம் தட்டித் தட்டிப் பார்த்தாளாம்.

கார்த்திகை மாதம், பேர்ணடெற் மகளுக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தாள். பஸ்ரியன் குசினி வாசலில் வந்து நின்றான்.

"பாதரிட்டைச் சொல்லும். பூசை ஒப்புக்குடுக்கச் சொல்லும்" என்றான்.

இந்த வார்த்தைக்காக ஒரு வருடம் காத்திருந்தவள், கேட்டதும் கரண்டியைப் போட்டுவிட்டு விம்மி விம்மி அழுதாள்.

பாதர் சீமோனின் பெயரை வாசித்தார். பஸ்ரியன் மகளை மடியில் வைத்துக்கொண்டு முன் வாங்கில் இருந்தான். பூசை முடிந்து வெளியே வரச் சனம் ஒவ்வொருவராக வந்து கையைப் பிடித்தது. ஊர்க்காரர் ஒருவர், கஸ்பர் என்று பெயர், சீமோனைச் சின்னப் பிள்ளையில் கண்டவர், கண் கலங்கி நின்றார்.

"நான் கேள்விப்படவே இல்லையடா தம்பி. எப்ப நடந்தது?"

பஸ்ரியன் வாயைத் திறந்தான். ஒரு மாதத்தைச் சொல்ல நினைத்தான், ஒரு வருடத்தையாவது சொல்ல நினைத்தான்.

"தெரியாது அண்ணை" என்றான்.

கஸ்பர் அவன் கையை விடாமல் அப்படியே நின்றார். பின்னால் வந்த சனம் இருவரையும் விலத்திக்கொண்டு கார்களுக்குப் போனது.