சிவகாமசுந்தரிக்குச் சர்க்கரை இல்லை

பாகூர் கடைத்தெருவில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண் சைக்கிளில் போனால், அதற்கு ஊர் ஒரே ஒரு காரணத்தைத்தான் ஒத்துக்கொள்ளும். சர்க்கரை வியாதி. வேறு எதற்காகவாவது அந்த வயதில் ஒருத்தி சைக்கிள் மிதிப்பாள் என்று நினைத்துப்பார்க்க அந்தத் தெருவில் யாருக்கும் நேரமில்லை.

சிவகாமசுந்தரிக்கு அந்த வியாதி இல்லை. ஏகநாதன் பாத்திரக்கடை என்றால் எல்லோருக்கும் தெரியும். அந்த ஏகநாதனின் மனைவி அவள். ரத்தப் பரிசோதனையில் இதுவரை ஒரு குறையும் வந்ததில்லை. இருந்தும் தெருவே அவளைச் சர்க்கரைக்காரி ஆக்கியது. ஆக்கியது தெரு மட்டுமல்ல, அவள் வீட்டுக்காரரும்தான்.

சைக்கிள் அவள் வாங்கியதில்லை. பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் கௌதம், ஊரடங்கில் வீட்டோடு இருந்தபோது ஆசைப்பட்டு வாங்கியது. க்ரூஸர் என்று பெயர் சொன்னான். இளம்பச்சை நிறம். எருமைக் கொம்பு மாதிரி பின்னால் வளைந்து வந்த அகலமான ஹேண்டில்பார், தடித்த டயர், ஸ்பிரிங் வைத்த பெரிய சீட். கடற்கரைச் சாலையில் படம் எடுத்துப் போட்டதோடு அவன் ஆசை தீர்ந்துபோயிற்று. ஆபீஸ் திறந்ததும் அவன் கிளம்பினான். சைக்கிள் குடோனில் அண்டா, குண்டானுக்கு நடுவில் தூசி படிந்து நின்றது.

தூசி தட்டப்போனவள்தான் சிவகாமசுந்தரி. நடுக்கம்பி தாழ்வாக வளைந்திருந்ததால் புடவையோடு ஏறலாம் என்று பார்த்ததுமே தெரிந்தது. செயினை முழுக்க மூடியிருந்ததால் கொசுவம் மாட்டாது என்பதும் தெரிந்தது. பள்ளிக்கூடம் போகிற காலத்தில் ஓட்டியது. கால் மறக்கவில்லை. குனிய வேண்டியதில்லை, நாற்காலியில் உட்காருவதுபோல நிமிர்ந்து உட்கார்ந்து மிதித்தால் போதும். குடோன் வாசலிலிருந்து தெருமுனை வரை போய்த் திரும்பினாள். திரும்பி வந்தபோது எதிர்வீட்டுக் கஸ்தூரி வாசலில் நின்று, "இன்னாக்கா, சுகரா?" என்று கேட்டாள்.

அவள் வாயைத் திறப்பதற்குள், வீட்டை ஒட்டிய கடையின் கல்லாவிலிருந்து ஏகநாதன், டாக்டர் சைக்கிள் மிதிக்கச் சொல்லிவிட்டதாகச் சொன்னார். மனைவி ஆசைக்கு ஓட்டுகிறாள் என்று சொல்ல அவருக்குக் கூச்சம். சிவகாமசுந்தரியும் சும்மா இருந்துவிட்டாள். பொய்யோ மெய்யோ, சைக்கிள் ஓட்ட அனுமதி கிடைத்துவிட்டதே.

அதற்கு அவள் கொடுத்த விலைதான் கொஞ்சநஞ்சமில்லை. கல்யாணப் பந்தியில் அவள் இலையை மட்டும் ஜாங்கிரி தாண்டிப் போயிற்று. போகிற வீட்டில் எல்லாம் சர்க்கரை போடாத காபி. கஸ்தூரி வாராவாரம் பாகற்காய் கொண்டுவந்து கொடுத்து, ஜூஸ் பிழிந்து வெறும் வயிற்றில் குடிக்கும்படி அடித்துச் சொல்லிவிட்டுப் போவாள். இனிப்பென்றால் உயிரை விடுகிறவள் சிவகாமசுந்தரி. அத்தனையையும் பொறுத்துக்கொண்டாள்.

ஏன் பொறுத்தாள் என்பது செலியமேட்டுச் சாலைக்குத் தெரியும். அவள் பிறந்த ஊர் செலியமேடு. தூரம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. ஆனால் கல்யாணமானதிலிருந்து அந்தச் சின்னத் தூரத்தை அவள் தானாகக் கடந்ததே இல்லை. வீட்டுக்காரர் கடை மூடணும், இல்லாவிட்டால் கடைப்பையன் வரணும், பிறகு மகன் வளர்ந்து வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளணும். புடவை மாற்றி, பூ வைத்து, வாசலைப் பார்த்துக் காத்திருந்து, கடைசியில் 'நாளைக்குப் போலாம்' என்று சொல்லக் கேட்டு உள்ளே போன நாள்கள் ஏராளம். யாரும் கெட்டவர்கள் இல்லை. அவரவருக்கு அவரவர் வேலை.

இப்போது விடியற்காலையில் கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே தானே மிதித்துப்போய், அண்ணன் வீட்டில் ஒரு வாய் கஞ்சி குடித்துவிட்டுக் கடை திறப்பதற்குள் திரும்பிவிடுகிறாள். சில நாள் அண்ணன் வீட்டுக்குக்கூடப் போவதில்லை. வாய்க்கால் மதகில் சைக்கிளை நிறுத்திச் சும்மா நின்றுவிட்டு வருவாள். சும்மா நிற்க ஓர் இடத்துக்குப் போவதென்பது அவளுக்கு அதுவரை வாய்க்காத ஆடம்பரம்.

ஆயுத பூஜைக்கு கௌதம் வந்தான். வந்தவன் ஒரு நல்ல செய்தி வைத்திருந்தான். அம்மா கரும்பு லாரி ஓடுகிற சாலையில் சைக்கிள் மிதிப்பதைக் கேட்டு அவனுக்குத் தூக்கம் வரவில்லையாம். நின்ற இடத்திலேயே மிதிக்கிற உடற்பயிற்சி சைக்கிள் ஒன்று ஆர்டர் போட்டுவிட்டான், ஹாலில் டிவிக்கு எதிரில் போட்டுக்கொள்ளலாம். க்ரூஸரை மறுநாள் அவன் நண்பன் வந்து எடுத்துக்கொள்வான். மகனிடமும் அதே பொய்யைச் சொல்லிவைத்திருந்த ஏகநாதன், சர்க்கரைக்கு எந்தச் சைக்கிளாக இருந்தால் என்ன என்று தலையாட்டினார். மகன் பாசத்தோடு செய்வதை எப்படி வேண்டாம் என்பது? சிவகாமசுந்தரி அடுப்படிக்குப் போய்ச் சுண்டல் தாளித்தாள். கடுகு கருகிப்போயிற்று.

பூஜை அன்று வண்டிகளைக் கழுவி வரிசையாக நிறுத்தினார்கள். முதலில் சரக்கு ஏற்றும் குட்டியானை, அடுத்து ஸ்கூட்டர், கடைசியில் சைக்கிள். பூஜை போடாமல் வண்டியைக் கைமாற்றக் கூடாதென்று கௌதமே அதற்கும் சந்தனம் வைத்து மாலை போட்டான். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, வண்டிக்கு உடையவர் ஏறி நசுக்கி நகர்த்துவது அந்த வீட்டு வழக்கம். குட்டியானையையும் ஸ்கூட்டரையும் ஏகநாதன் நகர்த்தினார். பொரி வாங்க வந்த கஸ்தூரி பொரித் தட்டோடு நின்றிருந்தாள்.

சைக்கிளை மகனே எடுக்கட்டும் என்றார் ஏகநாதன். கௌதம் ஏறி உட்கார்ந்து பெடலில் கால் வைத்தான். அது வரைக்கும் சிவகாமசுந்தரி ஒன்றும் சொல்வதாக இல்லை. அவன் கால் பெடலை அழுத்தப்போனதைப் பார்த்ததும் பொறுக்கவில்லை.

"எறங்குடா. அது என் வண்டி."

கௌதம் சிரித்தான். "உன் சுகருக்குத்தாம்மா வேற வருதே."

"எனக்குச் சுகரும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. உங்கப்பா சொன்னாரு, நானும் வாய மூடிக்கினு இருந்துட்டேன். பொறந்த வூட்டுக்குப் போவறதுக்கு யார்ரா கொண்டுபோயி உடுவாங்கன்னு இத்தினி வருசம் வாசல்லயே நின்னேன். இப்ப நானே போறேன். எனக்கு ஓட்டப் புடிச்சிருக்கு. அவ்ளோதான்."

கஸ்தூரி கையிலிருந்த தட்டு சாய்ந்து பொரி கொட்டியது. ஏகநாதன் காது வரை சிவந்துபோனார். தெருவுக்கெல்லாம் தான் சொன்ன பொய், தன் வாசலிலேயே உடைந்துகிடந்தது. கௌதம் இறங்கி ஹேண்டிலை அவள் கையில் கொடுத்தான்.

அவள் ஏறுவதற்குள் முன்சக்கரத்துப் பழம் உருண்டு ஒதுங்கிவிட்டது. ஏகநாதன் வேட்டியை மடித்துக்கொண்டு குனிந்தார். பழத்தை எடுத்துத் துடைத்து, சக்கரத்துக்கு நேராக வைத்தார். நிமிர்ந்தபோது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "லாரி வந்தா ஓரமா நின்னுடு சிவகாமி," என்று மட்டும் சொன்னார்.

சிவகாமசுந்தரி பூஜைத் தட்டிலிருந்து ஒரு லட்டை எடுத்து, கஸ்தூரி பார்க்கப் பார்க்க முழுசாக வாயில் போட்டுக்கொண்டாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். மிதித்தாள். பழம் நசுங்கியது. செலியமேட்டுச் சாலையில் திரும்பும்வரை நாக்கில் இனிப்பு இருந்தது.